இயந்திர விரலும் கொழுந்தெடுக்கும் விரலும்

இயந்திரக் கைகளுக்குத் தொடுகை உணர்வைக் கொடுக்கும் கருவிகளைப் பற்றி இப்போதெல்லாம் நிறையவே எழுதப்படுகின்றது. எந்த உணரி நுண்மையானது, எது மலிவானது, எது நீண்டகாலம் உழைக்கும் என்று அட்டவணை போட்டு ஒப்பிடுகின்றார்கள். பொறியியலாளர்கள் பேச வேண்டிய விடயத்தில் கலைப்பட்டதாரி ஒருவனுக்கு என்ன அலுவல் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை மலையகத்தின் சம்பளப் பேச்சுவார்த்தைகளை எழுதுவதிலேயே கழித்தவன் நான். கைகளுக்கு விலை பேசப்படும் இடங்களில்தான் என் தொழில் வாழ்க்கை நடந்திருக்கின்றது. ஆகவே, விரல் நுனிக்கு விலை பேசும் இந்தப் புதிய சந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டென்றே எண்ணுகின்றேன்.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் இருக்கின்றது பல்லேகம. லக்கல பல்லேகம பிரதேச செயலகப் பிரிவு என்றால் பலருக்கு விளங்கும். களுகங்கை நீர்த்தேக்கத் திட்டத்தினால் இடம்பெயர்ந்த குடும்பங்களைப் பற்றி எழுதுவதற்காக அங்கு பலமுறை போயிருக்கின்றேன். அப்பகுதியில் வயலோடு மிளகும் ஏலமும் மக்களுக்குக் கைகொடுப்பவை. ஒருமுறை, மிளகு வாங்கும் சிங்கள வியாபாரி ஒருவரின் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, விவசாயி ஒருவர் சாக்கொன்றைக் கொண்டுவந்து இறக்கினார். வியாபாரி முழங்கை வரை சாக்கினுள் கையை விட்டார். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். உள்ளங்கையில் உருட்டினார். இரண்டு மூன்று மணிகளைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நசுக்கிப் பார்த்தார். “இன்னும் ஒரு நாள் வெயில் காட்ட வேண்டும்” என்று சொல்லிவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் மூன்றே சொற்கள்: “அத தன்னவா, மாத்தயா.” கைக்குத் தெரியும், ஐயா.

கைக்கு என்ன தெரியும்? சாக்கின் அடியில் ஈரம் இருந்தால் அது குளிர்ச்சியாகத் தெரியும். அது வெப்பத்தைப் பற்றிய அறிவு. மணியின் தோல் எவ்வளவு சுருங்கியிருக்கின்றது என்பது உருட்டும்போது தெரியும். அது சொரசொரப்பைப் பற்றிய அறிவு. உள்ளீடில்லாத மணி விரலிடையில் இலகுவாக நொறுங்கிப்போகும். அது விசையைப் பற்றிய அறிவு. அள்ளிய பிடியிலிருந்து மணிகள் எப்படி வழுகிப் போகின்றன என்பது அசைவைப் பற்றிய அறிவு. ஐந்து வினாடிகளில் நான்கு விதமான அளவீடுகள் நடந்து முடிந்துவிட்டன. இன்று உலகச் சந்தையில் இருக்கும் தொடுகை உணரிகளை ஒப்பிடுவதற்கு இந்த வியாபாரியின் கையை விடச் சிறந்த அளவுகோலை நான் அறியேன்.

மனிதக் கையின் கணக்கை முதலில் பார்ப்போம். சுவீடனைச் சேர்ந்த ஜொஹான்சன், வல்போ ஆகிய ஆய்வாளர்கள் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு கையின் உட்புறத் தோலில் ஏறக்குறைய 17,000 தொடுகை உணர் நரம்பிழைகள் உள்ளன. அவை நான்கு வகையானவை. சில, அழுத்தம் நீடிக்கும்வரை செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சில, தொட்ட கணத்திலும் விட்ட கணத்திலும் மாத்திரம் பேசும். சில, தோல் இழுபடுவதை அறியும். இன்னும் சில, நுண்ணிய அதிர்வைப் பிடிக்கும். இவை கூடிச் செய்யும் மிகப் பெரிய வேலை என்னவென்றால், கையிலிருக்கும் பொருள் வழுகப் போவதை முன்கூட்டியே அறிவதாகும். ஜொஹான்சனும் வெஸ்ற்லிங்கும் 1984 ஆம் ஆண்டில் காட்டியது போல, நாம் எந்தப் பொருளையும் அது வழுகிவிடாமல் இருப்பதற்குத் தேவையான விசையை விடச் சற்றே கூடுதலான விசையுடன்தான் பற்றுகின்றோம். முட்டையை உடைக்காமலும் கீழே போடாமலும் தூக்க முடிவது இதனால்தான். விரல் நுனியை விறைக்கச் செய்துவிட்டால், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஒரு தீக்குச்சியை எடுத்து உரசுவதற்கே மனிதன் தடுமாறிப் போகின்றான்.

இனி, இயந்திர விரல்களுக்கு வருவோம். சந்தையிலும் ஆய்வுகூடங்களிலும் உள்ள உணரிகளை ஒரு சில குடும்பங்களாகப் பிரித்துவிடலாம்.

முதலாவது, மின்தடைக் குடும்பம். கரி கலந்த மெல்லிய படலத்தை அழுத்தினால் அதன் மின்தடை குறையும். அந்த மாற்றத்தை அளந்தால் அழுத்தம் தெரிந்துவிடும். மிகவும் மலிவானது; துணி போல வளையக்கூடியது. ஆனால், தொடர்ந்து அழுத்திக்கொண்டிருந்தால் அளவு மெல்ல நழுவும். அழுத்தத்தை எடுத்த பின்னரும் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதிக்கும். நேராக அழுத்தும் விசையை மட்டுமே இது நன்றாக அறியும். பக்கவாட்டில் இழுபடுவதை அறியாது.

இரண்டாவது, மின்கொள்ளளவக் குடும்பம். இரண்டு மின்தகடுகளுக்கு இடையில் மென்மையான படையொன்று இருக்கும். அழுத்தும்போது தகடுகள் நெருங்குவதை அது அளக்கின்றது. மிக இலேசான தொடுகையையும் பிடித்துக்கொள்ளும். இத்தாலியில் உருவான ஐகப் என்ற குழந்தை வடிவ றோபோவின் தோல் இவ்வகையானது. ஈரமும் மின் இரைச்சலும் இதற்குப் பகை. நமது கைத்தொலைபேசித் திரையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மழைத்துளி பட்டதும் அந்தத் திரை எப்படித் தடுமாறுகின்றது என்பதை யாவரும் கண்டிருப்போம். பனியிலும் தூறலிலும் வேலை நடக்கும் மலைச்சரிவுக்கு இது எவ்வளவு தூரம் ஒத்துவரும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, அழுத்தமின் குடும்பம். சில படிகங்களையும் படலங்களையும் அழுத்தும்போது அவை தாமாகவே மின்னூட்டத்தை உண்டாக்கும். எரிவாயு அடுப்பின் குமிழைத் திருப்பும்போது ‘டக்’ என்று பொறி பறப்பதும் பெரும்பாலும் இதே தத்துவத்தால்தான். அதிர்வையும் வழுகலையும் பிடிப்பதற்கு இதற்கு நிகர் வேறில்லை. ஆனால், அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இது மௌனமாகிவிடும். கையில் பொருள் இருக்கின்றதா இல்லையா என்பதைக்கூட அப்போது சொல்லாது.

நான்காவது, காந்தக் குடும்பம். மென்மையான றப்பர் போன்ற தோலுக்குள் காந்தத்தை வைத்து, தோல் நெளியும்போது காந்தப்புலம் மாறுவதை அடியிலுள்ள சிப்பினால் அளப்பார்கள். அழுத்துவது, பக்கவாட்டில் இழுபடுவது என எல்லாத் திசை விசைகளையும் இது அறியும். யப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் பிறந்த உணரியொன்று இவ்வகையில் விற்பனைக்கு வந்துள்ளது. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றாவும் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் 2021 ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ரீஸ்கின் என்பதும் இதே குடும்பம். நூறு துண்டுகளாகச் செய்தால் ஒன்று 6 டொலருக்கும் குறைவாகவே முடியும் என்றும், 50,000 தடவைகளுக்கு மேல் தொடுகையைத் தாங்கும் என்றும் அவர்கள் அறிவித்தார்கள். தேய்ந்த தோலைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம் என்பதே அதன் சிறப்பு. அருகில் வேறு காந்தமோ இரும்போ வந்தால் குழம்பிப்போவது அதன் குறை.

ஐந்தாவது, மனித விரலையே அச்சொட்டாகப் பின்பற்ற முயன்ற பயோடாக் என்ற உணரி. அமெரிக்காவின் சின்ரச் நிறுவனம் செய்தது. எலும்பு போன்ற உள்ளீட்டில் 19 மின்வாய்கள், அதைச் சூழத் திரவம், அதன் மேல் கைரேகை போன்ற வரிகளைக் கொண்ட றப்பர்த் தோல். அழுத்தம், அதிர்வு, வெப்பம் மூன்றையும் ஒரே விரல் அறிந்தது. நமது மிளகு வியாபாரியின் கைக்கு மிக அருகில் வந்தது இதுவே எனலாம். ஆனால் ஒரு விரலின் விலை பல ஆயிரம் டொலர்கள். ஆய்வுகூடத்துக்கு அப்பால் அது பரவாமற் போனதில் வியப்பில்லை.

ஆறாவது, கண்ணால் தொடும் குடும்பம். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் எட்வேர்ட் அடெல்சனும் மைக்கா கிமோ ஜோன்சனும் 2009 ஆம் ஆண்டில் ஜெல்சைற் என்ற முறையை வெளியிட்டார்கள். ஒளி தெறிக்கும் பூச்சுப் பூசிய ஜெல் ஒன்று விரல் நுனியில் இருக்கும். அதற்குள்ளே நுண்ணிய கமெரா. பொருளைத் தொட்டதும் ஜெல்லின் மேற்பரப்பு அதன் வடிவத்துக்கு நெளிய, அந்த நெளிவைக் கமெரா படம் பிடிக்கின்றது. கண்ணுக்கே தெரியாத மேடு பள்ளங்களைக்கூட இது காட்டிவிடும். 2014 ஆம் ஆண்டில் இந்த விரலைப் பொருத்திய றோபோ ஒன்று, தொங்கிக்கொண்டிருந்த யூ.எஸ்.பி. வயரை எடுத்து அதற்குரிய துளையில் சரியாகச் செருகியது. 2020 ஆம் ஆண்டில் வந்த டிஜிற் என்ற உணரி, இதே தத்துவத்தை ஏறக்குறைய 15 டொலர் செலவுக்குள் கொண்டுவந்தது. ஆயினும் ஜெல் தேயும். கமெராவை வைக்க விரல் பருமனாக வேண்டும். வரும் படங்களை வாசிக்கப் பக்கத்திலேயே ஒரு கணினி வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் வெளியே ஏழாவதாகவும் ஒன்று உண்டு. உணரியே இல்லாத கை. 2010 ஆம் ஆண்டில் கோர்னெல், சிக்காகோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஒரு றப்பர்ப் பைக்குள் கோப்பித் தூளை நிரப்பினார்கள். பையைப் பொருளின் மீது அழுத்திவிட்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் தூள் இறுகிக் கல்லாகிவிடும், பொருள் அகப்பட்டுக்கொள்ளும். எதையும் அறியாமலே எதையும் தூக்கும் கை அது. இலைத்துரு நோய் வந்து அழியும்வரை கோப்பியால் செழித்த மாத்தளையில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, சிந்தனையும் வந்தது. பெட்டி தூக்குவதற்குத் தொடுகை அறிவு தேவையில்லை. தரம் பிரிப்பதற்கே அது தேவை.

ஒப்பீட்டு அட்டவணைகளில் நான் காணும் குறை இதுதான். ஒரு சதுர சென்ரிமீற்றரில் எத்தனை புள்ளிகள், ஒரு வினாடியில் எத்தனை அளவீடுகள், எத்தனை மில்லிநியூட்டன் நுண்மை என்று போட்டிபோடுகின்றார்கள். அந்தக் கை எந்த வேலைக்கு, எந்த வானிலையில், யாருடைய செலவில் இயங்கப் போகின்றது என்ற கேள்வி அட்டவணையின் கடைசி வரிசையில்கூட இடம்பெறுவதில்லை. 2025 மே மாதத்தில் அமேசன் நிறுவனம் தொடுகை உணர்வுள்ள தனது முதலாவது றோபோ என்று வல்கனை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவின் ஸ்போக்கேனிலும் ஜேர்மனியின் ஹம்பேர்க்கிலும் உள்ள களஞ்சியங்களில் அது வேலை செய்தது. அங்குள்ள பொருட்களில் ஏறக்குறைய முக்கால்வாசியைக் கையாளக்கூடியது என்பது அந்நிறுவனத்தின் கூற்று. கூரையும் விளக்கும் சமதரையும் உள்ள களஞ்சியத்திலேயே, மிகப் பெரிய செல்வந்த நிறுவனமொன்றின் இயந்திரக் கை எட்டிய எல்லை அது. பல்லேகமையின் மிளகுச் சாக்கு இன்னும் வெகு தூரத்தில் இருக்கின்றது.

போரில் கையிழந்த ஒருவரை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2013 ஆம் ஆண்டில் றோம் நகரில், பட்டாசு விபத்தில் இடக்கையை இழந்த டென்மார்க் நாட்டவர் ஒருவருக்கு, செயற்கைக் கையின் விரல்களில் இருந்த உணரிகளைக் கை நரம்புகளோடு இணைத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டும் பொருளின் வடிவத்தையும் விறைப்பையும் அவர் சொன்னார். அற்புதம்தான். ஆனால் வன்னியில் வாழும் ஒருவருக்கு வேண்டியது, ஆயிரம் புள்ளிகளைக் கொண்ட விரல் அன்று. பிடித்த தேநீர்க் கோப்பை வழுகுகின்றது என்ற ஒரேயொரு செய்தியைச் சொல்லி, வியர்வையிலும் சேற்றிலும் கெடாமல் இருந்து, கெட்டுப்போனால் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ திருத்தக்கூடியதாக இருக்கும் விரலே வேண்டியது. அந்த அளவுகோலில் பார்த்தால், நுண்மையில் முதலிடம் பெறும் ஜெல்லை விட, கழற்றி மாட்டக்கூடிய ஆறு டொலர்த் தோலே மேலானது.

சரி, உணரிகள் மலிந்துவிட்டன. அப்படியானால் இயந்திரக் கை ஏன் இன்னும் வியாபாரியின் கைக்கு ஈடாகவில்லை? உணரி தருவது எண்களை மாத்திரமே. இந்த எண் வந்தால் காய்ந்த மிளகு, அந்த எண் வந்தால் ஈர மிளகு என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த அறிவு எந்த நூலிலும் இல்லை. உழைக்கும் மனிதர்களின் கைகளில் இருக்கின்றது. ஆகவேதான் ஆய்வாளர்களின் பார்வை இப்போது அந்தக் கைகளின் பக்கம் திரும்பியிருக்கின்றது.

எம்.ஐ.ரி.யில் பணியாற்றிய சுப்பிரமணியன் சுந்தரம் என்ற ஆய்வாளரின் தலைமையில் 2019 ஆம் ஆண்டில் நேச்சர் சஞ்சிகையில் வெளியான ஆய்வு இதில் ஒரு மைல்கல். சாதாரணக் கையுறையொன்றில் 548 மின்தடை உணரிகளைப் பதித்தார்கள். பொருட் செலவு சுமார் 10 டொலர். அதை அணிந்துகொண்டு 26 பொருட்களைக் கையாளும்போது எந்த விரல் எங்கே எவ்வளவு அழுத்துகின்றது என்பது முழுவதும் பதிவாகியது. அந்தப் பதிவுகளைக் கற்ற கணினி, தொடுகையை மாத்திரம் கொண்டே பொருளை இனங்காணத் தொடங்கியது. உணரிகளில் மிகவும் மலிவான, மிகவும் குறைகள் நிறைந்த குடும்பத்தைக் கொண்டுதான் இது செய்யப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கருவியின் குறையை மனிதக் கையின் அறிவு நிரப்பிவிட்டது.

அடுத்தது தமிழ்நாட்டுச் செய்தி. நெசவுக்குப் பெயர் பெற்ற கரூரில், இளைஞர்கள் நெற்றியில் கமெராவைக் கட்டிக்கொண்டு துவாய்களை நாள் முழுவதும் மடித்துக் காட்டுவதாக 2025 ஆம் ஆண்டில் செய்திகள் வெளியாகின. துவாயை எடுப்பது, விரிப்பது, மடிப்பது, அடுக்குவது என்று ஒவ்வோர் அசைவும் பதிவாகி, வெளிநாட்டு றோபோக்களுக்குப் பாடமாகின்றது. இன்று பதிவாவது கண்ணால் காணும் அசைவு. கமெராவுக்கு அழுத்தம் தெரியாது. நாளை அந்தக் கைகளுக்கு உணரிக் கையுறை வந்துசேரும். நாளை மறுதினம் அது தேயிலை மலைக்கும் ஏலக்காட்டுக்கும் வரும். வராது என்று சொல்வதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் எனது பழைய தொழில் எனக்கு நினைவூட்டுகின்றது. கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல்கள் என்ன செய்கின்றன? இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ள தளிரை நகத்தால் வெட்டாமல், விரல் நுனியால் ஒடித்து எடுக்கின்றன. இளந்தண்டு ஒடியும்; முற்றியது நாரிழுத்துக்கொண்டு நிற்கும். ஒடியுமா ஒடியாதா என்பதை விரல் தொட்ட கணத்திலேயே அறிந்துவிடுகின்றது. கண் அடுத்த தளிருக்குப் போய்விட்டிருக்கும். ஏலத்திலும் அப்படியே. ஒரே கொத்தில் எல்லாக் காய்களும் ஒன்றாக முதிர்வதில்லை. முற்றாகப் பழுப்பதற்குச் சற்று முன்னர், பருவம் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இதே வேலையை ஓர் இயந்திரம் செய்துவிட்டால் அது பொறியியலின் வெற்றி, ஆய்வுக் கட்டுரை எழுதலாம், முதலீடு திரட்டலாம். ஒரு பெண் செய்தால் அதற்குத் ‘திறன் தேவையில்லாத வேலை’ என்று பெயர். சம்பளப் பேச்சுவார்த்தை மேசைகளில் இச்சொல்லை எத்தனை தடவைகள் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

கணக்கைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு 2021 மார்ச் மாதத்தில்தான் வர்த்தமானியில் வந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மலிவு என்று கொண்டாடப்பட்ட டிஜிற் உணரியின் 15 டொலர், நமது நாணயத்தில் ஏறக்குறைய 4,500 ரூபா. அதாவது, கைகளில் 34,000 நரம்பிழைகளைக் கொண்ட ஒரு பெண்ணின், 2024 ஆம் ஆண்டின் அந்த விகிதத்திலான மூன்று நாட்சம்பளத்துக்கும் கூடுதலான தொகை, தேய்ந்து போகும் ஒரேயொரு செயற்கை விரல் நுனியின் செலவு.

தொடுகையைத் திறனாக மதிக்கத் தெரியாத சமூகமா நாம்? இல்லை. வைத்தியர் வயிற்றை அழுத்திப் பார்த்து நோயைச் சொன்னால் கைராசிக்காரர் என்று போற்றுகின்றோம். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பணியாற்றும், முன்னர் நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த திரிஷாந்த நாணயக்கார என்ற பேராசிரியர், அந்த வைத்தியத் தொடுகையையே ஆராய்கின்றார். மாணவர் அழுத்தும் இடத்துக்கும் விசைக்கும் ஏற்ப வலியை முகத்தில் காட்டும் றோபோ நோயாளியை அவரது குழுவினர் உருவாக்கியுள்ளார்கள். எவ்வளவு அழுத்தினால் போதும் என்பதைக் கற்பதற்கு மருத்துவ மாணவனுக்குப் பயிற்சிக்கூடம், ஆசிரியர், சான்றிதழ் எல்லாம் உண்டு. அது நியாயமானதே. ஆனால் எவ்வளவு இழுத்தால் தளிர் ஒடியும் என்பதைத் தாயிடமிருந்து கற்றுக்கொண்டவளுக்கு அந்த அறிவைத் திறன் என்று எழுதிக்கொடுக்க எந்த ஏடும் இல்லை. விரலில் உள்ள அறிவு ஒன்றுதான். விரலுக்குரியவர் யார் என்பதைப் பார்த்தே நாம் பெயர் வைக்கின்றோம்.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். தோட்டங்களில் ஆட்பற்றாக்குறை உண்மையானது. பட்டம் பெற்ற பிள்ளை கூடையைத் தூக்க வேண்டுமென்று எந்தத் தாயும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. யப்பானில் தேயிலையை இயந்திரம் வெட்டத் தொடங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் இன்றைய இயந்திரங்கள் தொட்டு அறிவதில்லை, அகப்பட்டதை வெட்டுகின்றன. தளிரும் முற்றலும் ஒன்றாக வந்து விழுகின்றன. கென்யாவின் கெரிச்சோவில் 2023 மே மாதத்தில் கொழுந்தெடுக்கும் இயந்திரங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. வேலையிழந்தவர்களின் கோபத்தை விளங்கிக்கொள்ள முடிகின்றது. தீ வைப்பதனால் இயந்திரம் வராமல் போகப் போவதில்லை என்பதும் விளங்குகின்றது. வரப்போகும் இயந்திரம் யாருடைய அறிவைக் கொண்டு வருகின்றது, அதற்கு என்ன கொடுக்கின்றது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆகவே, எனது கருத்துக்கள் மூன்று.

முதலாவது, தொழிலாளியின் கையசைவையோ விரலழுத்தத்தையோ பதிவு செய்ய வேண்டுமானால், அவருக்கு விளங்கும் மொழியில் விளக்கி அவரது சம்மதத்தைப் பெற வேண்டும். அதற்கான கொடுப்பனவு நாட்சம்பளத்துக்குப் புறம்பானதாக இருக்க வேண்டும். கொழுந்துக்குக் கொடுக்கும் கூலி கொழுந்துக்கு மட்டுமே உரியது. அந்தப் பதிவைக் கொண்டு செய்யும் இயந்திரம் விற்பனையாகும் காலமெல்லாம் அதன் வருவாயில் ஒரு பங்கு அந்தச் சமூகத்தின் கல்விக்கும் வீட்டுக்கும் திரும்பி வர வேண்டும். பாடலாசிரியருக்கு உரிமைத்தொகை உண்டென்றால் பாடம் சொன்ன விரலுக்கும் இருக்கலாம். தொழிற்சங்கங்கள் அடுத்த கூட்டு ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு வாசகத்தைச் சேர்க்க வேண்டும். கையுறை மலைக்கு வந்து சேர்ந்த பிறகு எழுதப்படும் வாசகத்துக்கு வலு இராது.

இரண்டாவது, வெளியார் வந்து பதியுமுன் நாமே பதிந்துவைக்க வேண்டும். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. பல்கலைக்கழகங்களில் றோபோத் துறை மாணவர்கள் இருக்கின்றார்கள். 10 டொலர்க் கையுறை அவர்களுக்கு எட்டாத பொருளன்று. தேர்ந்த கொழுந்தெடுப்பவரின் விரலுக்கும் புதியவரின் விரலுக்கும் உள்ள வேறுபாட்டை எண்களில் காட்டினால், ‘திறன் தேவையில்லாத வேலை’ என்ற சொல்லைப் பேச்சுவார்த்தை மேசையிலிருந்து அகற்றுவதற்கு அதைவிட வலுவான ஆதாரம் வேறெதுவும் வேண்டியதில்லை.

மூன்றாவது, எதை முதலில் இயந்திரமாக்குவது என்பதையும் நாமே தீர்மானிக்க வேண்டும். கொழுந்து மூட்டையைச் சரிவில் சுமந்துபோய் நிறுவைக் களத்தில் சேர்ப்பதற்குத் தொடுகை உணரி எதுவும் தேவையில்லை. கோப்பித் தூள் நிரப்பிய பை தூக்குவதைப் போல அது அறிவில்லாத வேலை. முதுகை முறிக்கும் வேலையும் அதுவே. மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுவதும் அப்படியே. சுமையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு அறிவை மனிதரிடம் வைத்திருப்பதே முறை. நடப்பதோ நேர்மாறாக இருக்கின்றது. விரலின் அறிவைப் பிடிப்பதற்குக் கோடிகள் செலவாகின்றன. முதுகின் சுமையை இறக்குவதற்குக் காசில்லை என்கின்றார்கள்.

2021 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு, தோலில் வெப்பத்தையும் தொடுகையையும் உணரும் மூலக்கூறுகளைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. தொடுகையை அறியும் புரதத்துக்குப் பட்டபூட்டியன் வைத்த பெயர் பியெசோ. அழுத்துதல் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தப் புரதம் நோபல் பரிசு பெற்றவரின் விரலிலும் இருக்கின்றது. ரத்தோட்டைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவரின் விரலிலும் இருக்கின்றது. உணரிகளை ஒப்பிடுபவர்கள் தாராளமாக ஒப்பிடட்டும். அந்த அட்டவணையில் மனித விரலுக்கும் ஒரு நிரல் இருக்கட்டும். அதன் விலை என்ற கட்டத்தை நிரப்பும் பேச்சுவார்த்தையில், அந்த விரலுக்கு உரியவர்களுக்கும் ஓர் ஆசனம் இருக்கட்டும்.